சலங்கையைக் கழற்றி வைக்கும் வயது எது?



நம் சமுதாயத்தில் நடனத்திற்கு எழுதப்படாத வயது வரம்பு ஒன்று இருக்கிறது. ஆறு வயதில் பிள்ளையை நடன வகுப்பில் சேர்க்கிறோம். பதினைந்து, பதினாறு வயதில் அரங்கேற்றம் நடத்துகிறோம். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கியதும் சலங்கையைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறோம். அதன் பிறகு அந்தப் பெண் ஆடுவதென்றால், திருமண விருந்தில் யாரேனும் கையைப் பிடித்து இழுத்தால்தான் உண்டு. நாற்பது வயதைக் கடந்த ஒருத்தி தானே விரும்பி ஆடினாலோ, "காலம் போன காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வி வந்து நிற்கிறது.

அண்மையில் அக்கேள்வி என்னிடமும் வந்தது. எனக்காக வாதாடும் நோக்கம் இல்லை. ஆனால் அக்கேள்விக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் நம் பிள்ளைகளையும் பாதிக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் நடனமணி அல்லள். முப்பத்தெட்டாம் வயதில் பரதம் கற்கத் தொடங்கியவள். வாரம் ஒரு மாலை, பெரியவர்களுக்கான வகுப்பு. எங்களில் ஒருவர் தாதி, ஒருவர் வங்கி ஊழியர், இருவர் ஆசிரியர்கள், இருவர் இல்லத்தரசிகள், ஒருவர் பணி ஓய்வு பெற்ற எழுத்தர். இளையவருக்கு வயது 31; மூத்தவருக்கு 58. எங்களில் எவருக்கும் மேடையேறும் திட்டம் இல்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் எழுவரும் ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குச் சென்றோம். இரண்டு இரவுகள் தங்கினோம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அங்கே பலகைத் தரையுள்ள பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆடுகிறவர்களுக்குப் பலகைத் தரையின் அருமை தெரியும். சிமெண்டின் மேல் பதித்த ஓட்டுத் தரையில் தட்டடவு போட்டால் அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கே திரும்பி வரும். பலகை சற்றே வளைந்து கொடுக்கும். நாற்பது வயதுக் கால்களுக்கு அதுவே பெரிய உபகாரம்.

காலையில் ஒன்றரை மணி நேரம் அடவுப் பயிற்சி. அரைமண்டியில் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவுதான். ஒருவரும் மற்றவரை அளக்கவில்லை. மூன்றாம் காலத்தில் நாட்டடவு போட முயன்று எழுவரும் ஏழு திசையில் நின்றபோது, தட்டுக்கழி பிடித்திருந்தவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு சமையல். புளிச்சோறு ஒருவர் கொண்டு வந்தார், சம்பல் ஒருவர் அரைத்தார். பிரிஞ்சாங் சந்தைப் பக்கம் வார இறுதி நெரிசலுக்குப் பயந்து நாங்கள் போகவே இல்லை. பெட்ரோல், வாடகை, உணவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 190 ரிங்கிட் ஆயிற்று.

இரண்டாம் நாள் இரவு கும்மியடித்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். உள்ளே அழைத்தபோது, "எனக்கு ஆட்டமெல்லாம் தெரியாதும்மா" என்றார். ஆனால் நாங்கள் கைதட்டும் முறையைச் சிறிது நேரம் கவனித்துவிட்டு, "இப்படி இல்லை" என்று வட்டத்துக்குள் வந்து சேர்ந்துகொண்டார். அவருடைய பாட்டியிடமிருந்து வந்த அடி அது. குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, பக்கத்தில் இருப்பவரின் கையில் தட்டும் அடி. பல ஆண்டுகளாக அவர் அதை யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்க ஆள் இல்லை என்றார். அன்றிரவு எழுவர் கற்றுக்கொண்டோம்.

ஊர் திரும்பிய பின் ஒரு பெற்றோர் என்னிடம், "ஆசிரியை, போட்டியும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை. குடும்பத்தை விட்டுவிட்டு ஆடுவதற்கென்றே போனீர்களாமே?" என்று கேட்டார். தீய நோக்கத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. ஆடுவதற்குப் போட்டி அல்லது நிகழ்ச்சி என்ற காரணம் வேண்டும் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

வட்டமும் மேடையும்

கும்மியும் கோலாட்டமும் வட்டமாக ஆடப்படுபவை. ஆடுகிறவர்களின் முகம் ஆடுகிறவர்களையே நோக்கியிருக்கும். பார்ப்பதற்கென்று ஆள் தேவையில்லை. பார்க்க வந்தவரும் வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். மேடை நடனத்தின் முகமோ அவையை நோக்கியது. இரண்டும் நம்முடையவை, இரண்டும் வேண்டும். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, வட்டம் ஆடிய கோயில் திடல்கள் பலவற்றை இழந்தோம். மேடை மட்டும் நம்மோடு வந்தது. அதனால் இன்று நடனம் என்றால் பரிசும் சான்றிதழும் நிழற்படமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன.

நம் அண்டை அயலாரைப் பாருங்கள். நகரப் பூங்காக்களில் காலை வேளையில் சீன மாதர்கள் சிறிய ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு வரிசையாக நின்று ஆடுகின்றனர். ஐம்பதும் அறுபதும் கடந்தவர்கள். மலாய்க்காரர்களின் திருமணங்களில் ஜோகெட் இசை ஒலித்தால் பாட்டிமார்களும் எழுந்து ஆடுவதைக் காணலாம். அவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

இதில் பிள்ளைகளுக்கு என்ன இழப்பு?

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் படித்தாள். தாளம் அவள் உடம்பிலேயே இருந்தது. பள்ளிகளுக்கிடையிலான போட்டியொன்றில் அவளுடைய குழுவுக்குப் பரிசு கிட்டவில்லை. மறுமாதமே வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "இவ்வளவு பணம் கட்டி என்ன பயன்?" என்றார் அவளுடைய தாயார். கடினமாக உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பம் அது. அவர் கேட்டதில் வருத்தம் இருந்தது, கர்வம் இல்லை. ஆயினும் அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: வெல்லாதவர் ஆடக்கூடாது.

தேர்வைக் காரணம் காட்டுவோரும் உளர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலும் பி.டி.3 தேர்வு 2022ஆம் ஆண்டிலும் அகற்றப்பட்டன. தேர்வு போயிற்று, ஆட்டம் திரும்பி வந்ததா? இல்லை. கூடுதல் வகுப்பு அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. மற்றொரு பக்கம், அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. நல்ல நோக்கத்தோடு வைக்கப்பட்ட புள்ளிதான். ஆனால் அதன் விளைவாகப் பொழுதுபோக்கையும் நாம் கோப்பில் சேர்க்கும் சான்றிதழாகவே எண்ணத் தொடங்கிவிட்டோம். பல்கலைக்கழக இடம் கிடைத்தவுடன் சான்றிதழின் வேலை முடிந்துவிடுகிறது. அதோடு ஆட்டமும் முடிந்துவிடுகிறது.

தாமதமாகத் தொடங்குவது பயனற்றது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. ருக்மிணி தேவி அருண்டேல் 1904இல் பிறந்தவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று, அடையாற்றில் அவர் முதன்முதலாக மேடையேறியது 1935இல். மறு ஆண்டில்தான் கலாசேத்திரம் தோன்றியது. அதாவது, நம் பெண்கள் சலங்கையைக் கட்டி வைத்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு கழிந்த வயதில் அவர் மேடையேறினார். எல்லாரும் ருக்மிணி தேவி ஆக முடியாது; ஆக வேண்டியதும் இல்லை. வயது ஒரு தடை என்ற வாதம் வலுவற்றது என்பதற்கே இதைக் குறிப்பிடுகிறேன்.

சில மறுப்புகளுக்கு விடை

"குடும்ப நேரத்தைத் திருடுவதாகாதா?" என்பர். வார இறுதியில் நண்பர்களோடு மீன்பிடிக்கவோ, புட்சால் விளையாடவோ போகும் தந்தையரிடம் நாம் இதைக் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. உழைப்பவர்க்கு ஓய்வு வேண்டும். அந்த நியாயம் தாய்க்கும் உரியதாகட்டும். ஆனால் கைக்குழந்தையோடும் இரண்டு வேலைகளோடும் போராடும் தாய்மாருக்கு இரண்டு நாள் பயணம் எட்டாத ஒன்று என்பதையும் நான் அறிவேன். அவர்களுக்குப் பயணம் வேண்டாம். பக்கத்தில் ஒரு மண்டபமும் ஒரு மணி நேரமும் போதும்.

"பொழுதுபோக்காக ஆடுவோரால் கலையின் தரம் தாழ்ந்துவிடும்" என்று கூறும் கலைஞர்களும் உண்டு. அவர்களிடம் ஒரு கேள்வி. உறவினர் அல்லாத ஒருவருடைய நடன நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி வருபவர் யார்? பெரும்பாலும் தானும் சிறிதேனும் ஆடிப் பார்த்தவரே. அலாரிப்பின் கடினத்தைத் தன் முழங்காலால் அறிந்தவருக்கே மேடையில் ஆடுபவரின் திறமை முழுமையாகப் புரியும். பொழுதுபோக்குக்கு ஆடுவோர் குறைந்தால் அவையும் குறையும்.

உடல்நலத்தையும் எண்ணிப் பாருங்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே அவ்விகிதம் கூடுதல் என்பது நாம் அறிந்த துயரம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஓடுபொறியில் தனியாக ஓடச் சொன்னால் மூன்றாம் வாரம் நின்றுவிடுவோம். தோழியர் காத்திருக்கும் ஆட்டத்தை அவ்வளவு எளிதில் விட முடியாது.

என்ன செய்யலாம்?

1. ஆசிரியர்களுக்கு: 2011ஆம் ஆண்டு தொடங்கி நடப்புக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின் உடற்கல்வியில், இசைக்கேற்ற உடலசைவுக்கும் பொழுதுபோக்கு நடவடிக்கைக்கும் இடம் தரப்பட்டது. அவ்வேளையைப் போட்டிக் குழுவுக்கு ஆள் பொறுக்கும் வேளையாக்க வேண்டாம். தவணைக்கு ஒருமுறையேனும் வகுப்பு முழுவதையும் வட்டமாக நிறுத்திக் கும்மியோ கோலாட்டமோ ஆட விடுங்கள். ஆண் பிள்ளைகளும் ஆடட்டும். புள்ளி வேண்டாம்.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு: மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி மண்டபத்தை மாதம் ஒரு சனிக்கிழமை தாய்மாருக்குத் திறந்துவிடுங்கள். பாட்டிமாரையும் அழையுங்கள். எந்தப் பாட்டியிடம் எந்த அடி ஒளிந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்!

3. பெற்றோர்களுக்கு: பரிசு வராத ஆண்டிலும் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புங்கள். பல்லாயிரம் ரிங்கிட் செலவழித்து அரங்கேற்றம் நடத்தும் வசதி இல்லாவிட்டால் நடத்த வேண்டாம். அதற்காக ஆட்டத்தை நிறுத்தவும் வேண்டாம்.

4. அம்மாக்களுக்கு: அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் அந்தத் துணிமூட்டையை எடுத்துப் பாருங்கள். வார் இற்றுப் போயிருந்தால் புதிது வாங்கலாம். நான்கு தோழியரை அழையுங்கள். எங்கேனும் ஒரு பலகைத் தரை கிடைக்கும்.

உங்கள் கருத்துகளை அறிய ஆவலாக இருக்கிறேன். மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள்.