எரிந்த சுருளும் பூட்டிய பெட்டியும்

இறைவாக்கினர் எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளேட்டை, அரசன் யோயாக்கிம் அறுத்தறுத்து நெருப்பிலிட்டான். ஆண்டவரோ மற்றொரு சுருளில் அனைத்தையும் மீண்டும் எழுதப் பணித்தார். இரண்டாம் சுருளில் முன்னதிலும் மிகுதியான சொற்கள் இடம்பெற்றன. அதிகாரம் அழிக்க விரும்பும் ஏட்டைக் காப்பது இறைவனுக்கு உகந்த பணி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் சிவகங்கைச் சீமை அன்று இராமநாதபுர மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1930 டிசம்பரில் அம்மாவட்டத்து ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி அணியலாகாது. ஆண்கள் சட்டை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது. பெண்கள் மேலாடை உடுத்தலாகாது. மண்கலமன்றி வேறு கலம் புழங்கலாகாது. 1931 ஜூனில் அவை பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. அதே 1930 டிசம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு இரட்டைமலை சீனிவாசன் அமர்ந்து இம்மக்களின் உரிமைகளை எடுத்துரைத்தார் என்பதையும் நினைவில் கொள்வோம்.

ஒடுக்கியோர் விதித்த தடைகளை ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலில் பதிந்தமையால் இன்று எவரும் படிக்கலாம். ஒடுக்கப்பட்டோர் எழுதிய மனுக்கள் எங்கே? எழுத்தே மறுக்கப்பட்ட மக்கள் அரிதில் எழுதிய அந்தச் சில தாள்களையும் கரையானுக்குக் கொடுத்தவர் யார்?

"ஆதித் தமிழர் நாங்களே" என்று வழக்குரைத்த அயோத்திதாசர் 1891இல் நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் இயற்றினார். 1907இல் அவர் தொடங்கிய இதழின் எழுத்துகள் பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றைத் திரட்டி 1999இல் நூலாக்கியது பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். திருச்சபை இதைச் செய்ய இயலும் என்பதற்கு இதுவே சான்று. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்னும் தனிமனிதர் சேர்த்த ஏடுகள், இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக விளங்குகின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த துயரை அறிந்த ஈழத்தமிழர், 2005 முதல் 'நூலகம்' என்னும் இணையக் காப்பகத்தைத் தன்னார்வத்தால் வளர்க்கின்றனர். நமக்கோ நூற்றாண்டுப் பங்குகள் உண்டு. படித்த இளைஞர் உண்டு. ஆளுக்கொரு கைப்பேசியும் உண்டு. மனந்தான் இல்லை.

"பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்பர் சிலர். ஆறிய புண்ணைக் கிளறுவது தவறே. ஆறாத புண்ணை மூடி வைப்பது அதனினும் பெருந்தவறு. நம் தயக்கத்தின் உண்மைக் காரணத்தை ஒளிப்பதேன்? கல்லறையில் தனி இடம், கோவிலில் தனி இடம் என்பவற்றை எதிர்த்து எழுந்த மனுக்கள் நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. ஆகவேதான் பெட்டியைப் பூட்டுகிறோம்.

அந்தப் பூட்டின் விலையைக் கொடுப்பவர் யார்? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் இனத்தார் உரிமையை மறுக்கிறது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது அம்மறுப்புக்குக் கூறப்படும் வாதம். அவ்வாதத்தை முறிக்கும் சான்று நம் பெட்டிக்குள் கிடக்கிறது! நம் மானத்தைக் காக்க அவர்தம் உரிமையைப் பலியிடுகிறோம். சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டென்று 2016இல் இந்திய ஆயர் பேரவையே தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்ட பின்னர், எதை மறைக்கப் போகிறோம்?

எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டுக என்று நாம் கூறவில்லை. திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் தனிமனிதருக்கு உரியன; அவை காக்கப்படட்டும். ஊர் கூடி ஒப்பமிட்டு நீதி கேட்ட மனுக்களோ பொதுவுக்கென்றே எழுதப்பட்டவை. அவற்றுள் எதை வெளியிடுவது, எப்பெயரை மறைப்பது என்பதை அம்மக்களே முடிவு செய்யட்டும். மூலத்தாள் பங்கிலேயே இருக்கட்டும். ஒளிப்படி உலகெங்கும் செல்லட்டும். அப்போது ஒரு பங்குத்தந்தை மாறினாலும், ஒரு கூரை ஒழுகினாலும் ஒரு மக்களின் குரல் மடியாது.

வத்திக்கான் காப்பகத்தின் பெயரில் இருந்த 'இரகசிய' என்னும் சொல்லைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் நீக்கினார். உரோமை நீக்கிய சொல்லை நம் பங்கு அலமாரிகளில் ஒட்டி வைத்திருப்பது முறையோ? பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் பொதுநிலையினர் எழுந்து அலமாரிச் சாவியைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பது எங்கள் கடன்.