பனிப்பெட்டியில் தொலையும் நோய்

குளிர்பட்டால் விரல் நுனிகள் வெளுத்து, நீலம் பாரித்து, இறுதியில் கருத்துப்போகும் ஒருவருக்கு மருத்துவர் கிரையோகுளோபுலின் பரிசோதனை எழுதித் தருகிறார். 'இல்லை' என்று அறிக்கை வருகிறது. அந்த 'இல்லை'யை எவ்வளவு நம்பலாம்?

குளிரில் வீழ்படிவாகி, சூடேற்றினால் மீண்டும் கரையும் இம்யூனோகுளோபுலின் புரதங்களே இவை. 1933இல் விண்ட்ரோபும் பியூலும் ஒரு மைலோமா நோயாளியிடம் இதைக் கண்டனர். 1947இல் லெர்னரும் வாட்சனும் பெயரிட்டனர். 1974இல் புரூவே குழுவினர் மூன்று வகைகளாகப் பிரித்தனர். முதல் வகை, மைலோமா போன்ற குருதிப் புற்றுநோய்களோடு தோன்றி, நுண்ணிய குழல்களை அடைத்து விரல்களை அழுகச் செய்யும். ஏனைய இரண்டும் குருதிக்குழல்களில் அழற்சியை உண்டாக்கித் தோல், நரம்பு, சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கும். அவற்றுக்குத் தலையாய காரணம் ஹெபடைடிஸ் சி வைரஸ்.

பரிசோதனையின் சூட்சுமம் வெப்பநிலையில் இருக்கிறது. முன்பே சூடேற்றிய குழாயில் குருதியை எடுத்து, அது உறைந்து சீரம் பிரியும்வரை 37 டிகிரி செல்சியஸில் காக்க வேண்டும். அதன்பின் சீரத்தை 4 டிகிரியில் ஒரு வாரம் வரை வைத்துப் படிவைத் தேட வேண்டும். இடையில் குளிர்ந்தால் புரதம் உறைகட்டியோடு படிந்துவிடும். தெளிந்த சீரத்தில் தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது. சிறுநகரில் எடுத்த குருதி பனிப்பெட்டியில் பெருநகர ஆய்வகத்துக்குப் பயணிப்பது வழக்கமாகிவிட்ட நாட்டில், இது சிறிய பிழையன்று.

அரிய நோய் என்றதும் நாம் விலையுயர்ந்த மருந்துகளைப் பற்றியே பேசுகிறோம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் ஹெபடைடிஸ் சி சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. இங்கே குறைவது ஒரு வெந்நீர்க் குடுவையும், அதன் தேவையை அறிந்த ஒரு பணியாளரும்தான். அவை இல்லாததால் ஒருவர் விரலை இழக்கக்கூடும்.

'இவ்வளவு அரிதான நோய்க்கு இத்தனை ஏற்பாடா?' என்று கேட்கலாம். அந்த அருமையில் ஒரு பங்கை நம் குளிர்ந்த குழாய்களே உண்டாக்குகின்றன என்பதே என் ஐயம். தேடும் முறை பழுதாக இருக்கையில், காணாமையை இன்மைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

ஆகவே கல்விப்புலத்தினருக்கு ஒரு வேண்டுகோள். கிரையோகுளோபுலின் குறித்த எந்த ஆய்வேட்டிலும் குருதி எடுத்த வெப்பநிலையையும், சீரம் காத்திருந்த நாள்களையும் கேளுங்கள். விடை இல்லையெனில், அதிலுள்ள 'இல்லை'களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.