'டாக்ஸ் மிச்சமாகும்': இதுல சொல்லாம விட்டது என்ன?

ஜனவரி வந்தா ஆஃபீஸ்ல இருந்து மெயில் வரும்: "இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் சமர்ப்பிக்கவும்." பின்னாடியே தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் போன் பண்ணுவார். "தம்பி, 80சி-ல 1.5 லட்சம் வரைக்கும் கழிவு உண்டு. இந்த பாலிசி 80சி-ல வரும். அதனால வருஷம் 1 லட்சம் கட்டுங்க, டாக்ஸ் மிச்சம்."

அவர் சொன்ன முதல் ரெண்டும் உண்மை. அதனாலதான் மூணாவதையும் நம்பிடுறோம். ஆனா நடுவுல சில விஷயங்களை அவர் சொல்லவே இல்ல. நாமளா சரின்னு எடுத்துக்கிட்டோம். அதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. சொல்லாம விட்டதை எடுத்து, "அப்படி இல்லைன்னா?"ன்னு கேளுங்க. முடிவு ஆட்டம் கண்டா, மொத்த வாதமும் அது மேலதான் நிக்குது.

1. நீங்க பழைய வரி முறையில இருக்கீங்க.

இல்லைன்னா? 2023-24 நிதியாண்டுல இருந்து புதிய முறைதான் டீஃபால்ட். அதுல இந்த 80சி கழிவே கிடையாது. உங்க சம்பளம் வருஷம் 8 லட்சம்னு வைங்க. 2025-26 கணக்குப்படி புதிய முறையில வரி பூஜ்யம். (சம்பளம் மட்டுமே வருமானம்னா 12.75 லட்சம் வரைக்கும் அப்படித்தான்.) பழைய முறைக்குப் போய் 80சி-யை முழுசா நிரப்பினாலும், வேற கழிவு இல்லைன்னா 33,800 ரூபாய் கட்டணும். பூஜ்யத்துல எதை மிச்சம் பிடிக்கிறது?

2. 80சி-ல இடம் காலியா இருக்கு.

இல்லைன்னா? பேசிக் 4 லட்சம்னா, 12% பிஎஃப்லயே 48,000 போயிடுது. கூடவே பிபிஎஃப்ல 1 லட்சம் போடுறவரா இருந்தா, பாக்கி இடம் 2,000 ரூபாய்க்குத்தான்.

3. வரி மிச்சமானா அது நல்ல முதலீடு.

இல்லைன்னா? பழைய முறையில 20% ஸ்லாப்ல இருந்தா, 1 லட்சத்துக்கு 20,800 மிச்சம். நல்ல பணம்தான். ஆனா பிரீமியம் 15, 20 வருஷம் கட்டணும். ஆரம்பத்துலயே நிறுத்தினா கட்டினது முழுசா திரும்பாது. சம்பளக்காரங்க வரி முறையை வருஷா வருஷம் மாத்திக்கலாம். பாலிசியை அப்படி மாத்த முடியாது.

ஏஜென்ட் பொய் சொல்றார்னு நான் சொல்ல வரல. சட்டம் மாறிடுச்சு, பேச்சு மட்டும் பழசாவே இருக்கு. எச்ஆர்ஏ, வீட்டுக்கடன் வட்டி பெருசா இருக்கிறவங்களுக்குப் பழைய முறை இன்னும் லாபமா இருக்கலாம். உங்க சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸ் கண்டிப்பா எடுங்க. ஆனா அதுக்குக் காரணம் பாதுகாப்பு, வரி இல்ல.

இனிமே யாராவது "அதனால"ன்னு சொன்னா, அந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. வருமான வரித்துறை தளத்துலயே கால்குலேட்டர் இருக்கு. உங்க சம்பளத்தை ரெண்டு முறையிலும் போட்டுப் பாருங்க. கையெழுத்து அதுக்கு அப்புறம்.