யாழினி என்று எழுதினால் போதுமா?

பெண் குழந்தைகளுக்கு யாழினி என்று பெயர் வைப்பது இப்போது பெருகி வருகிறது. நாங்கள் படித்த காலத்தில் வகுப்புக்கு இரண்டு சரோஜா, மூன்று விஜயா இருப்பார்கள். யாழினி என்று ஒருத்தியும் இருந்ததில்லை. இன்று எங்கள் தெருவிலேயே இரண்டு யாழினிகள். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். வாசிக்க ஆளில்லாத அந்தக் கருவி, பெயராகவாவது வீட்டுக்குள் வந்தது நல்லதே.

ஆனால் கூப்பிடும்போதுதான் சங்கடம். அப்பா 'யாலினி' என்கிறார், அம்மா 'யாளினி' என்கிறார். வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்லிப் பழகிய பாட்டிக்கு அவள் 'யாயினி'. பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அது இந்த மண்ணின் பேச்சு. ஆனால் மூன்று எழுத்துப் பெயரைத் தேடித் தேடி வைத்த பெற்றோர், அதில் உள்ள ஒரே ஒரு கடின எழுத்தை விட்டுவிடலாமா?

இந்த ழகரம் ரோமன் எழுத்துக்கு எப்போதுமே அடங்கியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் நம் புதுச்சேரியில் அதற்கு 'ஜே' போட்டார்கள். தமிழ் என்பதை டி, ஏ, எம், ஐ, ஜே என்று எழுதினார்கள். பிரெஞ்சில் ஜே உரசினாற்போல் மென்மையாக ஒலிக்கும் என்பதால் அது ஓரளவுக்குப் பொருந்தியது. ஆங்கிலம் படித்தவர் அதையே பார்த்தால் 'தமிஜ்' என்பார். ஏழுமலை 'எஜுமலை' ஆகிவிடுவார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 'இஸட் எச்' போடுகிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கு எச் ஒலிக்காது. அவர் வாயில் யாழினி 'யாஸினி' ஆவாள். இலங்கைத் தமிழர் 'எல்' போடுகிறார்கள். 2015-இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தின் நாயகி பெயரும் யாழினிதான், அங்கும் 'எல்'தான். கணினிக்கான யூனிகோடு பட்டியலில் நம் ழவுக்கு மூன்று எல் போட்டுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்!

"இத்தனை தொல்லை எதற்கு? எல்லோர் வாயிலும் நுழைகிற பெயராக வைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களை, அவர்களுடைய 'ஊ'காரத்தையும் மூக்கால் சொல்லும் ஒலிகளையும் உதட்டைக் குவித்துக் குவித்துச் சொல்ல வைத்தார்கள். ஆறு வயதில் எல்லாம் வந்துவிட்டது. அந்நிய மொழிக்கு வளைந்த நாக்கு தாய்மொழிக்கு வளையாதா? வழியைத் தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார்: நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தடவ வேண்டும். அழுத்தி ஒட்டினால் அது ளகரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆனால் பெயரை அப்போதே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. பதிந்த நாளிலிருந்து ஓராண்டு வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆகவே அவசரம் வேண்டாம். ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நான் 'இஸட் எச்' பக்கம்தான். கோழிக்கோடு, ஆலப்புழை என்று பார்த்துப் பழகிய எழுத்து அது. எதை எழுதினாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் கான்சலேட் பதிவும் சேர்ந்துகொள்ளும். ஒரு எழுத்து மாறினாலும் அந்தப் பெண் வளர்ந்து மேசை மேசையாக அலைய வேண்டும்.

ஆனால் எந்த ரோமன் எழுத்தும் ழவைக் கற்றுத் தராது. அதைக் குழந்தை வீட்டில் காதால்தான் கேட்க வேண்டும். பேத்திக்கு யாழினி என்று பெயர் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளே, நமக்குத்தான் நேரம் இருக்கிறது. மழை, பழம், கிழமை, யாழினி என்று தினம் பத்துத் தடவை அவளோடு சேர்ந்து சொல்லுங்கள். பல்செட் வைத்திருப்பவர்களுக்கும் ழ வரும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.