ஹோல்டரைக் கையில் கொடுப்பது யார்?

மணலி ஆலைகளில் ‘ஷட்டவுன்’ வேலை தொடங்கினால் மாத்தூர், மணலி புதுநகர் பக்கத்து இளைஞர்களுக்குத் தெரியாமல் போகாது. ஆலையை நிறுத்தி, கொதிகலன், குழாய், வால்வு எல்லாவற்றையும் பிரித்துப் பழுது பார்க்கும் அந்தச் சில வாரங்களுக்கு ஒப்பந்தக்காரர்கள் ஆள் தேடுவார்கள். ஹெல்பர், கிரைண்டர், ரிக்கர், ஃபிட்டர், வெல்டர் என்று வேலைக்குத் தக்கபடி கூலி ஏறும். நம் தெருப் பிள்ளைகள் பலர் ஹெல்பராகத்தான் உள்ளே போகிறார்கள். பல வருடம் கழித்துப் பார்த்தாலும் ஹெல்பராகவே நிற்கிறார்கள். சோம்பல், படிப்பில்லை என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவரும் அதே இடத்தில் நிற்கிறாரே, அதற்கு என்ன சொல்வார்கள்?

வெல்டிங் எப்படிக் கைக்கு வருகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். குழாய் வெல்டருக்கு ‘6ஜி’ என்று ஒரு தேர்வு. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். வெல்டர்தான் மேலும் கீழுமாக உடம்பை வளைத்துச் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். அந்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்தோ, வெட்டி வளைத்தோ சோதிப்பார்கள். இதைப் புத்தகம் பார்த்துப் படிக்க முடியாது. கழிவுக் குழாய்த் துண்டில் வாரக்கணக்கில் ராடு ஓட்டிப் பழக வேண்டும். மெஷினும் ராடும் ஹெல்பர் வசம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மூத்த வெல்டர் ஒருவர் ஹோல்டரை நீட்டி, “இந்தா, ரெண்டு ராடு ஓட்டிப் பாரு” என்றால்தான் உண்டு.

அதை அவர் யாரிடம் சொல்கிறார்? அக்கா மகனிடம், மச்சானிடம், சொந்த ஊர்ப் பையனிடம். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் ஒரு மாமன்தான் ஹோல்டரைக் கொடுத்திருப்பார். குடும்பத்தில் முதல் ஆளாக ஆலைக்குள் வரும் நம் பையனுக்கு உள்ளே மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. பெண்கள் நிலை இன்னும் மோசம். துடைப்பத்தோடு உள்ளே போன பெண்ணுக்கு ஹோல்டர் கொடுக்கலாம் என்ற நினைப்பே எவருக்கும் வருவதில்லை.

சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் நினைவிருக்கும். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் என்று தெரியும் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். ஆனால் கேண்டீனில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்த மூன்றாவது நாளே, “தம்பிக்கு எந்த ஊர்? ஊர்ல எந்தத் தெரு?” என்று கேள்வி வந்துவிடுகிறது. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் 2025-ல் அறிவித்தார். கேண்டீன் கேள்வியிலிருந்து அதை நீக்க எந்த ஆணை வருமோ தெரியவில்லை.

இதற்கிடையில் வேலையே மாறிவருகிறது. ஆள் ஓடிப்போய்த் திறந்த வால்வைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தவர் திரையில் பார்த்துத் திறக்கிறார். வெயிலில் நிற்கும் ஃபீல்டு ஆபரேட்டர் அந்த நாற்காலிக்குப் போவதும் சான்றிதழால் மட்டும் நடப்பதல்ல. இரவு ஷிப்டில் பக்கத்தில் உட்கார வைத்து, இந்த அலாரம் வந்தால் இதைப் பார், அது வந்தால் பதறாதே என்று ஒருவர் சொல்லித்தர வேண்டும். புதிய யோசனைக்கும் இதே கதிதான். எந்த பம்ப் எப்போது மக்கர் பண்ணும் என்று முதலில் தெரிவது அதைத் துடைக்கிறவருக்கு. அவர் சொன்னது மேலே போகும்போது சூப்பர்வைசர் பெயரில் போகிறது. தலைமை, புதுமை என்று நிறுவனங்கள் நடத்தும் வகுப்புகளுக்கும் ஒப்பந்த ஹெல்பரை யாரும் அழைப்பதில்லை.

வடசென்னைக்கு இது பழைய வழக்கு. 1918-ல் இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மூன்று ஆண்டுகளில், 1921-ல், பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் சாதி குறுக்கே வந்து நின்றது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர், எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. யார் செய்தது சரி என்று நூறு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலைநிறுத்தத்தை முடிவு செய்த இடத்தில் சேரியின் சொல்லுக்கு எடை இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பதே நம் எண்ணம்.

இன்று எடை போடத் தக்க ஒரு சட்டம் கையில் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம், 1961. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு உண்டு. பலரும் கவனிக்காதது 11-ஆம் பிரிவு: பயிற்சிக்குத் தகுதியுள்ள ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டியது முதலாளியின் கடமை. ஒவ்வொரு அப்ரண்டிஸும் எவ்வளவு கற்றார் என்று பதிவேடு வைக்கவும் சட்டம் சொல்கிறது. நடைமுறையிலோ, டீ வாங்கிவரவும் ஸ்டோர் ரூமில் சாமான் எண்ணவும் அனுப்பப்பட்டே வருடத்தைக் கழித்த பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களுக்கும் சான்றிதழ் கிடைத்தது. கை மட்டும் பழகவில்லை.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களில் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கங்கள் இருக்கின்றன. பதவி உயர்வில் ஒதுக்கீட்டுக்கு இடம் தந்த 1995-ஆம் ஆண்டின் 77-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நடைமுறைப்படுத்தப் போராடுவது அவர்கள் வேலை, அதை விடக்கூடாது. ஆனால் ஏப்ரல் 14 அன்று கேட் முன்னால் மாலை போடும்போது, கூட்டத்தின் ஓரத்தில் ஒப்பந்தச் சீருடையில் நிற்கும் பையன் சங்க உறுப்பினர் இல்லை. அவன் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. முப்பது வருடம் கட்டுப்பாட்டு அறையில் இருந்து ஓய்வு பெற்ற நம் அண்ணன்கள் எத்தனையோ பேர் இந்த வட்டாரத்தில் வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பழைய மெஷின் ஒன்றும் கழிவுக் குழாயும் வாங்க ஒரு சங்கத்தின் விழாச் செலவே தாராளம்.

இந்த ஆண்டு ஐ.டி.ஐ. முடிக்கும் தம்பி, தங்கைகள் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே, எனக்குச் சொல்லித்தரப் போகிறவர் யார் என்று கேட்டு, அவர் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் என்ன வேலை கற்றீர்கள் என்று சொந்தமாக ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வாருங்கள். டீ வாங்கப் போன நாளையும் எழுதுங்கள். ஒப்பந்தம் பற்றிய தகராறு தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் போகும்போது அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி.