ஊசி மூடி என்ன நிறம்?



எமது ஆட்களில் நீரிழிவு இல்லாத குடும்பம் குறைவு. ஆகவே இம்முறை இன்சுலின் ஊசியைப் பற்றி எழுதுகிறேன். நான் டொக்டர் அல்ல. மில்பிடாஸில் தொழிற்சாலை ஒன்றில் பாகங்கள் பொருத்துபவன். ஊசியையும் ஒரு கருவியாகத்தான் பார்க்கிறேன்.

இன்சுலினை 1921இல் ரொறன்ரோவில் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஏற்றினார்கள். அந்நாளில் கண்ணாடிச் சிரிஞ்சை அவித்து, மழுங்கிய ஊசியைத் தீட்டித் தீட்டிப் பாவித்தார்கள். பிறகு ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் சிரிஞ்சு வந்தது. 1985இல் டென்மார்க்கின் நோவோ கம்பெனி மைப்பேனா போன்ற ஒரு கருவியை வெளியிட்டது. அதுதான் இன்றைய இன்சுலின் பேனாக்களுக்கு முன்னோடி.

இனி முக்கியமான விசயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் விற்கும் இன்சுலின் போத்தலில் வழக்கமாக ஒரு மில்லிலீற்றருக்கு 100 யூனிற் இருக்கும். இந்தியாவில் 40 யூனிற் போத்தல்கள் இன்றும் பெருமளவில் விற்பனையாகின்றன. அதற்கென்று தனிச் சிரிஞ்சு உண்டு. அதன் மூடி சிவப்பு. 100 யூனிற் சிரிஞ்சின் மூடி செம்மஞ்சள்.

தமிழ்நாட்டில் முகாமிலோ வெளியிலோ இருந்த அம்மா அப்பா இங்கே வரும்போது சிவப்பு மூடிச் சிரிஞ்சுகளையும் பையில் கொண்டு வருவார்கள். கொண்டு வந்த மருந்து முடிந்ததும் இங்கே புதுப் போத்தல் வாங்குகிறோம். சிரிஞ்சு மட்டும் பழையது. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லிலீற்றர். இங்கத்தைய மருந்தில் அது 50 யூனிற். இரண்டரை மடங்கு! வியர்க்கும், கை நடுங்கும், நினைவு தப்பும், உயிரும் போகலாம். மாறி நடந்தாலும் கேடுதான். 40 யூனிற் மருந்தைச் செம்மஞ்சள் மூடிச் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உடம்பில் சேர்வது 8 யூனிற் மட்டுமே. சீனி ஏறிக்கொண்டே போகும்.

வேலைத்தலத்தில் சில பாகங்களின் ஒரு மூலையை வெட்டியிருப்பார்கள். திருப்பி வைத்தால் பொருந்தாது. இரவு வேலையில் களைத்த கையும் பிழை விட முடியாது. ஆனால் எந்தச் சிரிஞ்சும் எந்தப் போத்தலுக்குள்ளும் போகும். தடுப்பதற்கு மூடியின் நிறத்தையும் சிறிய எழுத்தையும் விட வேறொன்றும் இல்லை. கண்ணில் வெண்படலம் உள்ள வயோதிபருக்கு அது போதுமா?

பேனா இதில் மேலானது. திருகும்போது தெரியும் இலக்கமே யூனிற். கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அதற்கும் சில ஒழுங்குகள் உண்டு. ஒவ்வொரு முறையும் புது ஊசி பூட்ட வேண்டும். முதலில் 2 யூனிற் வெளியே அழுத்தி, துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து ஏற்றியபின் ஊசியை உடனே இழுக்காமல் பத்து வரை எண்ண வேண்டும். பேனாவுக்குள் இருக்கும் மருந்தைச் சிரிஞ்சால் இழுக்கவே கூடாது. சில பேனாக்களில் 200, 300 யூனிற் செறிவான மருந்தும் உண்டு. அம்மாவின் பேனாவை அப்பாவுக்குப் போடவும் கூடாது. ஊசியை மாற்றினாலும் உள்ளே இரத்தம் கலந்திருக்கலாம்.

பாவித்த ஊசிகளைக் குப்பைத் தொட்டியில் போடுவதை கலிபோர்னியா 2008 செப்டெம்பர் முதல் சட்டப்படி தடை செய்துள்ளது. அதற்குரிய கடினமான பெட்டியில் சேர்த்து, ஊசி பொறுப்பேற்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். குப்பை பிரிக்கும் தொழிலாளியும் எம்மைப் போன்ற ஒருவர்தானே.

வீட்டுக்குப் பெரியவர்கள் வர இருந்தால் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். போத்தலில் 40 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா? சிரிஞ்சின் மூடி என்ன நிறம்? மருந்தைக் கைப்பையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து பழுதாகலாம். இங்கே புதுப் போத்தல் வாங்கும் அன்றே புதுச் சிரிஞ்சும் வாங்குங்கள். பழைய சிரிஞ்சுகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மருந்துக் கடைக்காரரிடம் இரண்டையும் காட்டிக் கேளுங்கள். அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.