கல்லீரல் காய்ச்சும் நஞ்சு

ரேணிகுண்டா சந்திப்பைத் தாண்டினால் செம்மண். மழையை நம்பி வேர்க்கடலை விதைக்கும் பூமி. 2022-இல் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போன ஊர். அதற்கும் முன்னால், 1911 வரை, வட ஆற்காட்டின் பகுதி. வேலூர்ப் பக்கம் மல்லாட்டை, இங்கே வேருசெனக. பெயர்தான் வேறு, எதிரி ஒன்றே. அறுவடைக்கு முன் வறட்சியும் அறுவடைக்குப் பின் மழையும் வந்தால் காய்க்குள் குடியேறும் ஒரு பூஞ்சை.

ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பூஞ்சை சுரக்கும் நஞ்சு அஃப்ளடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் இறந்தபோதுதான் அது அகப்பட்டது. அவை தின்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு.

இந்தியாவுக்கு இந்தச் செய்தி வந்த நேரம் சங்கடமானது. ஊட்டம் குன்றிய குழந்தைகளுக்கு மலிவான புரதம் என்று கடலை மாவைச் சிபாரிசு செய்துகொண்டிருந்த காலம் அது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘பல்நோக்கு உணவில்’ முக்கால் பங்கு கடலை மாவு. குவாஷியார்கர் கண்ட குழந்தையின் கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு மண்டியிருக்கும். அதற்குக் கொடுக்கும் மருந்துணவிலேயே கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருந்தால்?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் டாக்டர் சி. கோபாலன். 1918-இல் சேலத்தில் பிறந்தவர். நூறு வயதைத் தொட்டு 2019-இல் மறைந்தவர். குன்னூரில் குவாஷியார்கரை ஆராய்ந்தவர். அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது; பின்னர் அவர் அதன் இயக்குநரானார். இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். துல்புலே, மாதவன் ஆகியோருடன் சேர்ந்து அவர் இளம் குரங்குகளுக்கு அஃப்ளடாக்சின் கொடுத்துப் பார்த்தார். கல்லீரல் சேதமடைந்தது, நார்த்திசு படர்ந்தது. 1964-இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது.

அடுத்தது எலிகள். 1965-இல் மாதவனும் கோபாலனும் வெளியிட்ட முடிவு எதிர்பார்த்ததுதான்: புரதம் குறைந்த உணவு தின்ற எலிகளை நஞ்சு கடுமையாகத் தாக்கியது. 1968-இல் வந்த முடிவோ தலைகீழ். நூற்றுக்கு 20 பங்கு புரதம் தின்ற எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. 5 பங்கு தின்றவற்றுக்கு வரவில்லை.

முரண்பாட்டுக்கு விடை கல்லீரலுக்குள்ளேயே இருக்கிறது. வயிற்றுக்குள் போகும் அஃப்ளடாக்சின் அப்படியே புற்றை உண்டாக்குவதில்லை. அதை வெளியேற்ற முயலும் கல்லீரல் நொதிகளே அதை மரபணுவில் ஒட்டிக்கொள்ளும் பொருளாக மாற்றிவிடுகின்றன. புரதம் குறைந்தால் அந்த நொதிகளும் குறையும், புற்றும் தள்ளிப்போகும். ஆனால் அதே பட்டினி, நஞ்சை முறிக்கும் சக்தியையும் பறித்துக்கொள்கிறது. புற்று வராத எலிகளில் கணிசமானவை அதற்கு முன்பே செத்துப்போயின.

புரதத்தைக் குறைத்தால் போதும் என்று வாதிடுகிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. ‘தி சைனா ஸ்டடி’ (2005) எழுதிய அமெரிக்க விஞ்ஞானி காலின் கேம்பெல், தம் பாதையைத் திருப்பியது இந்த இந்திய ஆய்வுதான் என்கிறார். ஐதராபாத்தில் தொடங்கிய கேள்வி அதுவல்ல. அங்கே கேட்கப்பட்டது, அரைவயிற்றுக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்பது.

எலிகளில் கண்டது மனிதர்களுக்கும் நேர்ந்தது. 1974 இறுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் பகுதிகளில் பழங்குடி மக்களுக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கண்டன. 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்ததாக ஐதராபாத் நிறுவனத்தினர் பதிவு செய்தார்கள். பருவம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளம்தான் காரணம். அதே வீட்டுச் சாப்பாட்டைத் தின்ற நாய்களும் தப்பவில்லை. வேறு தானியம் வாங்க வழியில்லாதவர்கள் பூசணத்தைத் தட்டிவிட்டுச் சமைத்துத் தின்றார்கள்.

ரேணிகுண்டா வட்டாரத்தில் சாப்பாட்டுக்குக் கடலையை மட்டும் நம்பியிருப்பவர்கள் இல்லை. ஆனாலும் நஞ்சுக்கு வேறு வழிகள் உண்டு. சுருங்கிய, நிறம் மாறிய பருப்பில்தான் அது அதிகம். ஐரோப்பா நேரடியாகத் தின்னும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. எனவே ஏற்றுமதியாளர்கள் கெட்ட பருப்பைப் பொறுக்கித் தள்ளுகிறார்கள். தள்ளியது குப்பைக்குப் போகிறதா? மலிவு விலைக்கு உள்ளூரிலேயே விற்றுப்போகிறது. அல்லது எண்ணெய் ஆலைக்கு. ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். கடலை விவசாயி வீட்டுத் தொழுவத்தில் மாடும் நிற்கிறது. புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அதே நஞ்சு எம்-1 என்ற வேறு உருவத்தில் வரும். பாலைக் காய்ச்சினாலும் போகாது.

தடுப்பதற்கு நவீன ஆய்வகம் வேண்டாம். பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போட வேண்டும். ஈரப்பதம் நூற்றுக்கு எட்டு அளவுக்கு இறங்கும்வரை காய வைக்க வேண்டும். பொக்கையும் பூசணமும் பொறுக்கப்பட வேண்டும். சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. ஆனி, ஆடியில் விதைத்த கடலை களத்துக்கு வரும் ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. கடன்காரர் வாசலில் நிற்க, தார்ப்பாய்க்குக் காசில்லாத விவசாயி ஈரக் காயையே மூட்டை கட்டுகிறார்.